சட்டம் வைத்தியருக்கு, கொள்வனவு யாருக்கு?

ஸிங்கோவிட் மாத்திரையின் விற்பனைக்காகச் சென்னையின் அபெக்ஸ் லபோரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பனி வைத்தியர்களுக்குத் தங்கக் காசு, தொலைக்காட்சிப் பெட்டி, மடிக்கணினி என்றெல்லாம் கொடுத்தது. அந்தச் செலவுக்கு வருமான வரிக் கழிவு கிடையாதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2009இலேயே பரிசுகளைத் தடைசெய்திருந்தாலும் அத்தடை வாங்கும் வைத்தியரை மட்டுமே கட்டியது. கம்பனிகளுக்கென 2024இல் வந்த நடத்தை நெறியிலும் முறைப்பாட்டை விசாரிப்பது அக்கம்பனிகளின் சங்கங்களுடைய குழுக்கள்தான். மருந்தை வணிகப் பெயரிலன்றி மூலப் பெயரிலேயே கட்டாயம் எழுதவேண்டுமென்ற விதி 2023 ஓகஸ்டில் வந்து, அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. வைத்தியரின் மனச்சாட்சியை நம்பி எழுதிய விதிகளின் கதி இதுதான்.

இலங்கை வேறு முனையில் தொடங்கியது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்துக் கூட்டுத்தாபனம், தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, மூலப் பெயரில் கேள்விப்பத்திரம் கோரி வாங்கியது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் தனியார் இறக்குமதி மீண்டும் பெருகியது. இந்தியாவில் பிபிலேயின் பாதையை 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எடுத்தது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரை அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்றிருக்கும்; எந்தக் கம்பனியின் மருந்து என்பதை அங்குள்ள வைத்தியர் தீர்மானிப்பதில்லை. ஆகவே அவருக்குப் பரிசு கொடுத்துக் கம்பனிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மாலையில் அவரே தனியார் சிகிச்சை நிலையத்தில் அமர்ந்தால், நோயாளர் வரிசையோடு கம்பனியின் விற்பனைப் பிரதிநிதியும் பையோடு காத்திருப்பார். இரு நாட்டிலும் இதுவே நிலை. மாறுவது வைத்தியரின் குணமல்ல. கொள்வனவை முடிவுசெய்யும் அதிகாரம் இருக்கும் இடம்.

கொள்வனவை ஓரிடத்தில் குவித்தால் ஊழலும் அங்கேயே குவியும் என்பர். நியாயமான அச்சம்தான், தரமற்ற இம்யூனோகுளோபுலின் வாங்கிய விவகாரத்தில் இலங்கையின் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானார். ஆனால் ஆயிரம் சிகிச்சை அறைகளில் மறைவாக நடக்கும் கைமாற்றைவிட, ஒரு கேள்விப்பத்திரத்தில் நடப்பதைத் தேடிப் பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம். அரச ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் இது இயலும்: நியூசிலாந்தில், ஒக்லாந்தின் கிளென்ஃபீல்ட் மருந்தகத்தில் கிடைக்கும் மானிய மருந்துக்கும் 1993இல் அமைந்த ஃபார்மாக் என்ற அரச அமைப்பே விலை பேசுகிறது. புதிய புற்றுநோய் மருந்துகள் தாமதமாகின்றன என்ற குறை அதன்மேல் உண்டு. அதற்கு மருந்து, நிதியைக் கூட்டுவதே. பிபிலே தொடங்கியதை அரச ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் கொண்டுசெல்லாதவரை, இந்தியாவிலும் இலங்கையிலும் பரிசுச் செலவு நோயாளியின் தலையில்தான் விழும்.