கைத்தொலைபேசித் திரையும் மன்னார்க் கரையும்

குரல்வழி ஏவல், அசையும் படங்கள், உரையாடும் பொறிகள் ஆகியன எண்மிய வடிவமைப்பின் புதுப்போக்குகளென இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றை வியப்போர் பேசாலைக் கரையிலே நடுப்பகலில் ஒரு கைத்தொலைபேசியை விரித்துப் பார்ப்பாராயின் தம் அளவுகோலைச் சற்றே மாற்றிக்கொள்வர். வெண்மணலும் கடலும் எறிக்கும் ஒளியில், வெண்தளத்தின்மேல் வெளிர்சாம்பல் எழுத்தால் அமைந்த அழகிய பக்கம் கண்ணுக்குப் புலப்படாது. வலையிழுத்துக் காய்த்த ஈரவிரலுக்குச் சிறு பொத்தான்கள் அகப்படா. வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு (2023) சாதாரண எழுத்துக்கும் தளத்துக்குமிடையே 4.5க்கு 1 என்னும் ஒளிவேறுபாட்டையும், தொடுமிடத்துக்குப் பொதுவாக 24 பிக்சல் அளவையும் வேண்டுகின்றது. பார்வை குன்றியோரையும் கைநடுக்கமுற்றோரையும் கருதி எழுந்த இவ்விதிகள் கூரிய பார்வையுடைய கடற்றொழிலாளருக்கும் துணையாதல் காண்க.

இனி, மொழியை நோக்குவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயின் திரையிலே தமிழ் தோன்றுதல் ஒன்று. அது தமிழாகவே இருத்தல் வேறு. ஈழத்தில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னுஞ் சொல்லைப் பொறிப்போர் உண்மையிற் பொறிப்பன ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. கண்ணுடையார்க்கு அது தமிழ். கண்பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானோ அவ்வாங்கில எழுத்துகளையே உச்சரித்துத் தடுமாறும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு, 2008இல் இலங்கைத் தரமும் (எஸ்.எல்.எஸ். 1326) வகுக்கப்பட்டது. என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானைப் பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கி இலவசமாகவே வழங்கினர். கருவி உண்டு, விதியும் உண்டு. இருந்தும் அறிவித்தலைத் தாளில் அச்சிட்டுப் படமெடுத்து இணையத்தில் ஏற்றும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. படத்திலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் எழுத்தென அறிவதும் அரிது. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுச் சூறாவளியை மறவாத கரையிலே, வானிலை எச்சரிக்கை செவிக்கு எட்டாமற் போதல் சிறுகுறையன்று.

இவற்றோடு ஒப்பிடுங்கால், 2022 ஜூலையிற் புகுத்தப்பெற்று 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்ட எரிபொருள் கியூஆர் முறையை யாம் உயர்வாகவே மதிப்போம். புதுமை மிகுந்ததென்பதனாலன்று, அதன் குறியைத் தாளில் அச்சிட்டும் காட்டலாம் என்பதனாலேயே. திறன்பேசி இல்லாத முச்சக்கரவண்டிக்காரரும் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடிந்தது. பதிவு செய்தற்கு மட்டும் பிள்ளைகளையோ கொம்யூனிகேஷன் கடையையோ நாடவேண்டிய நிலை எஞ்சியிருந்தது. அதனைக் குறையெனவே கொள்ளல் வேண்டும். தன் அடையாள அட்டை எண்ணைக் கடைக்காரரிடம் ஒப்புவிப்பவர் அதன் மறைவையும் உடன் இழக்கின்றார் அன்றோ!

குரலேவலைப் புதுமையின் முடிமணியாகப் போற்றுவோருடன் யாம் முற்றும் மாறுபடவில்லை. எழுத்தறியாத முதியோருக்கு அது பெருந்துணையாகலாம். ஆயின் வானொலித் தமிழைக் கேட்டுப் பயின்ற பொறியொன்று, கரைவலை இழுப்போர் காற்றின் இரைச்சலுக்கிடையே விரைந்து பேசுவதை விளங்கிக்கொள்ளுமா? சம்மாட்டி ஒருவரைப் பேசாலையிலே அதனுடன் பேசவிட்டுப் பார்த்த பின்னரே அதற்குப் பாராட்டுரை வரைதல் தகும்.