நுகத்தடி சுமந்த தீர்க்கதரிசி

எரேமியா என்றதும் 'அழுகிற தீர்க்கதரிசி' என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அவருடைய நூலின் முதல் அதிகாரம் அவரை ஜாதிகளுக்கான தீர்க்கதரிசி என்கிறது. 'ஜாதி' என்றவுடன் நம்மூர்ச் சாதியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'கோயிம்'. நாடுகள், இனங்கள் என்று பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'ஜாதிகள்' என்று தந்தது. சரி, ஆனதோத்து என்னும் சிற்றூரில் ஆசாரியர் குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு உலக நாடுகளோடு என்ன வேலை?

அவர் பேசத் தொடங்கியது கி.மு. 627 வாக்கில். கி.மு. 605இல் கர்கேமிசில் எகிப்தை முறியடித்த பாபிலோன், 597இல் எருசலேமையும் பணிய வைத்தது. பாபிலோனியரின் களிமண் ஏடு ஒன்றும் இதற்குச் சாட்சி. பிறகு அரியணையில் அமர்த்தப்பட்ட சிதேக்கியாவிடம் ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ஆகிய ஐந்து நாட்டுத் தூதர்கள் வந்தார்கள். பாபிலோனை எதிர்க்கும் ஆலோசனை அது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்தச் சமயத்தில் எரேமியா கழுத்தில் நுகத்தடியை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறார். பாபிலோனுக்குப் பணிந்தால் பிழைப்பீர்கள் என்று ஆறு அரசுகளுக்கும் சேர்த்துச் சொல்கிறார். போதாக்குறைக்கு, நேபுகாத்நேச்சார் கடவுளின் ஊழியக்காரன் என்கிறார்!

சொந்த ஊர்க்காரனே இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி அந்த நுகத்தடியைப் பிடுங்கி உடைத்தான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதைத்தான்.

'ஊழியக்காரன்' என்ற சொல்லில் ஒரு பாடச் சிக்கலும் உண்டு. எரேமியா நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரெயப் பாடத்தைவிடக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு சிறியது. நேபுகாத்நேச்சாருக்கு எபிரெயம் தரும் இந்தப் பட்டம் கிரேக்கத்தில் இல்லை. கும்ரான் குகையில் கிடைத்த ஒரு துண்டுச் சுவடி அந்தக் குறுகிய பாடத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே பட்டம் பிற்சேர்க்கையாக இருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் பட்டத்தை எடுத்துவிட்டாலும் பணியுங்கள் என்ற செய்தி அப்படியேதான் நிற்கிறது. சிக்கல் தீரவில்லை.

உண்மையான சிக்கல் இதுதான்: படையெடுத்து வருகிறவனையெல்லாம் கடவுளின் கருவி என்று சொல்லிவிட்டால், எந்தக் கொடுங்கோலனும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாமே! இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எரேமியாவின் நூலிலேயே இதற்கு மூன்று தடைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஒன்று, தவணை. பாபிலோனுக்கு எழுபது ஆண்டுதான். எல்லா நாடுகளும் குடிக்கும் கோபக் கிண்ணத்தைக் கடைசியில் பாபிலோனும் குடித்தாக வேண்டும். கருவியாக இருப்பதனால் குற்றம் கழுவப்பட்டுவிடுவதில்லை.

இரண்டு, கண்ணீர். 48ஆம் அதிகாரத்தில் மோவாபின் அழிவைச் சொல்லும்போதே மோவாபுக்காகப் புலம்பல் எழுகிறது. மோவாபுக்கும் அம்மோனுக்கும் ஏலாமுக்கும் மறுவாழ்வும் சொல்லப்படுகிறது. பகை நாடு விழுவதைப் பார்த்துக் கைதட்டுகிறவர் இப்படிப் பேசமாட்டார்.

மூன்று, அவர் கொடுத்த விலை. வீரர்களின் கையைத் தளரச் செய்கிறான் என்று குற்றஞ்சாட்டி அவரைச் சேறு நிறைந்த தொட்டியில் இறக்கினார்கள். தூக்கிவிட்டவன் சொந்த ஜனத்தான் இல்லை. எபெத்மெலேக்கு என்ற கூஷ் நாட்டுக்காரன். கயிறு அக்குளை அறுக்கக் கூடாதே என்று கந்தைத் துணிகளையும் சேர்த்து இறக்கினான். ஜாதிகளுக்கான தீர்க்கதரிசியைக் காப்பாற்றியது வேறொரு ஜாதியின் கை. இதை நூல் விளக்கவில்லை. நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டுப் போகிறது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் இந்த வரிசையில்தான் வருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்த நம்மை அந்தக் கைதிகளோடு ஒப்பிடுவது மிகை. ஆனாலும் பகைவன் ஊருக்கும் நலம் கேட்கச் சொன்ன அந்தத் துணிச்சலை நாம் கவனிக்க வேண்டும்.

அவர் துரோகியா? எருசலேம் எரிந்த பிறகு பாபிலோன் தளபதி அவருக்கு இரண்டு வழி காட்டினான்: பாபிலோனுக்கு வந்தால் ஆதரவு, இல்லையென்றால் விருப்பம்போல் இருக்கலாம். எரேமியா, இடிந்த நாட்டில் மிஞ்சியிருந்த ஏழைகளோடு தங்கினார். விலைபோனவன் கூலி வாங்கும் நேரம் அது, அவர் பாபிலோனுக்குப் போகவில்லை. நாடுகளைப் பற்றிய கடவுளின் திட்டத்தைச் சொல்ல வருகிற எவரையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்: சொன்ன சொல்லால் அவருக்கு லாபமா, நட்டமா?