வாசகர் கொடுக்கும் முன்பணம்

அச்சுக்குப் போவதற்கு முன்பே வாசகரிடம் பணம் வாங்கிப் புத்தகம் போடுவது சரியான வழிதானா? பதிப்பகம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் ராயல்டிக் கணக்கைக் கண்ணால் பார்க்காதவர்கள் என்று பலரும் இன்று இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். வெளிநாட்டில் இதற்குக் கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்கள் இருக்கின்றன. இந்தியாவில் இருப்பவர் அதில் திட்டம் தொடங்க முடியாது. நம்மூரில் ஒரு கூகுள் படிவம், ஒரு ஜிபே எண், வாட்ஸப் குழுக்களில் நாலு பகிர்வு, இவ்வளவுதான் கிரவுட்ஃபண்டிங். எந்த வழியில் பணம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: புத்தகம் வராமல் போனால் நஷ்டம் யார் தலையில் விழும்? இந்த முறையை அதை வைத்தே எடைபோட வேண்டும்.

ஆதரவாளர்கள் முதலில் காட்டும் சான்று பிராண்டன் சாண்டர்சன். அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர். யாருக்கும் சொல்லாமல் எழுதி முடித்திருந்த நான்கு நாவல்களைத் தானே வெளியிடப்போவதாக 2022 மார்ச் 1ஆம் தேதி கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்தார். கேட்டது 10 லட்சம் டாலர். ஒரே மாதத்தில் சேர்ந்தது 4 கோடியே 17 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 1,85,341 பேர். தலைக்குச் சராசரி 225 டாலர். மலைப்பான கணக்குதான். ஆனால் அவருடைய முதல் நாவலை ஒரு பெரிய பதிப்பகம் 2005இல் வெளியிட்டிருந்தது. ராபர்ட் ஜோர்டன் முடிக்காமல் விட்டுப்போன நெடுந்தொடரை முடித்துக்கொடுத்ததில் அவருடைய வாசகர்களும் இவருக்கு வந்து சேர்ந்தார்கள். பதினேழு ஆண்டுகளாகப் பதிப்பகங்களும் கடைகளும் சேர்த்துக்கொடுத்த கூட்டம் அது. கிக்ஸ்டார்ட்டர் அதை எண்ணிக் காட்டியது, அவ்வளவே. முதல் நூலோடு நிற்பவருக்கு இதில் பின்பற்றத்தக்கது ஒன்றுண்டு: பணம் கேட்ட நாளில் நாவல்கள் எழுதி முடிக்கப்பட்டிருந்தன.

வாசகரை நம்பி அச்சேற்றுவது நமக்கும் புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது கைகொடுத்தது கையொப்ப முறைதான். பிரதி வாங்குவதாகக் கனவான்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் காகிதமும் அச்சுக்கூலியும் நடந்தன. ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, ஆண்டுக்கணக்கில் அதோடு மல்லாடிய பிறகே அவர் அச்சுக்கூடத்துக்குப் போனார். கேட்டதும் குறிப்பிட்ட ஒரு நூலுக்கான விலையைத்தான்.

1920இல் கடையத்திலிருந்து பாரதி அனுப்பிய சுற்றுக்கடிதத்தை இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் இருந்தபோது எழுதிச் சேர்ந்த கைப்பிரதிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப்போவதாக எழுதினார். முதலீடு 20,000 ரூபாய். ஓரிரு ஆண்டில் ஒன்றரை லட்சம் லாபம் நிச்சயம் என்பது திட்டம். நண்பர்கள் குறைந்தது 100 ரூபாய் கடன் தர வேண்டும், இன்னும் இருபது பேரையும் தரச் சொல்ல வேண்டும். முத்திரைத்தாளில் புரோநோட்டு, மாதம் 2 சதவீத வட்டி. ஆண்டுக்கு 24 சதவீதம்! முழுத் தொகையும் வந்திருந்தால் வட்டி மட்டுமே வருடம் 4,800 ரூபாய். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார்.

இந்தக் கடிதத்தைக் கவியின் கனவு என்று கண்கலங்கிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அது பாரதிக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுத்தின் மதிப்பைப் பற்றிச் சொன்னது பிற்காலத்தில் மெய்யானது. 1922இல் அவர் மனைவி செல்லம்மா பாரதி, பாரதி ஆசிரமம் தொடங்கி அவர் பாடல்களை வெளியிட்டார். 1949இல் சென்னை மாகாண அரசே உரிமையை வாங்கியது. பிழை வேறிடத்தில் இருந்தது. நான்கு லட்சம் பிரதிகளை வாங்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு அந்தத் திட்டத்தில் ஒரு வழியும் இல்லை. ஒரு புத்தகத்தின் விலையை ஆயிரம் பேரிடம் கேட்கவில்லை. நாற்பது புத்தகத்துக்கான மூலதனத்தை இருநூறு பேரிடம் வட்டிக்குக் கேட்டார். வாசகனாக இருக்க வேண்டியவன் கடன் கொடுத்தவனாகிவிடுகிறான், புத்தகம் விற்காவிட்டால் அவன் பணமும் போகும். நண்பர்கள் அந்த நூறு ரூபாயைக் கொடுத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் நன்கொடையாக, திரும்பி வராது என்று தெரிந்தே. இங்கே இன்னொன்றும் புலப்படுகிறது. முன்பணம் எழுத்தின் தரத்தை ஒருபோதும் அளப்பதில்லை. இப்போது, இந்த எழுத்தாளரை அறிந்து, கையில் காசும் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்பதை மட்டுமே அளக்கிறது. நிதி திரளாததால் ஒருவர் மோசமான எழுத்தாளராகிவிட மாட்டார், திரண்டதால் நல்ல எழுத்தாளராகிவிடவும் மாட்டார்.

முன்பணத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் என் கட்சிக்கு எதிரான வலுவான சான்று லண்டனின் அன்பவுண்ட். 2011இல் மூன்று எழுத்தாளர்கள் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வாசகர் முன்பணம் கட்டுவார்; நூலின் கடைசியில் அவர் பெயர் அச்சாகும். 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்பைப் பற்றி, பழைய ஆங்கிலத்தின் சாயலில் தானே வடித்த ஒரு நடையில் பால் கிங்ஸ்நார்த் எழுதிய ‘தி வேக்’ இப்படித்தான் வெளிவந்தது. 2014இல் புக்கர் நெடும்பட்டியலிலும் இடம்பிடித்தது. 2016இல் நிகேஷ் சுக்லா தொகுத்த ‘தி குட் இமிக்ரன்ட்’டும் அங்கே வந்ததுதான். சந்தைக் கணக்கு பார்க்கும் பதிப்பாளர் தொடத் தயங்கும் நூல்கள் இவை. வாசகர் பணம் மட்டுமே இவற்றுக்கு உயிர்கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே அன்பவுண்ட் 2025 மார்ச்சில் நொடித்துப்போனது. எழுத்தாளர்களுக்கு ராயல்டி பாக்கி. நிதி திரண்டும் அச்சாகாத நூல்கள் அந்தரத்தில். சொத்துகளை வாங்கிய புதிய நிறுவனமும் அதே ஆண்டில் கவிழ்ந்தது. வாசகர் கட்டிய பணம் அந்தந்த நூலுக்கென்று தனிக் கணக்கில் பூட்டப்பட்டிருந்தால் அவர்களாவது தப்பியிருப்பார்கள். நல்ல நூல்களைக் கொண்டுவந்த நிறுவனம் என்பதற்காக இந்தக் குறையைச் சிறிதாக்க என்னால் முடியவில்லை. புத்தகத்தின் மேலுள்ள அன்பால் கொடுத்த பணம் அது. வங்கிக் கடனைவிட அதிகப் பொறுப்போடு வைத்துக் காத்திருக்க வேண்டும்.

சரி, தமிழில் தனியாக நூல் போடுபவருக்கு இதில் என்ன மிஞ்சும்? ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் விலையுள்ள நாவல். முன்பதிவு விலை தபால் செலவோடு 250. முன்பதிவு செய்தவர்கள் 300 பேர். வசூல் 75,000. அச்சுக்கூலி பிரதிக்கு 120 என்றால் 36,000. உறையும் கூரியரும் 60 வீதம் 18,000. அட்டை, மெய்ப்பு, பக்க வடிவமைப்புக்கு 15,000. மீதி 6,000. பிரதிக்கணக்கில் பார்த்தால் அச்சும் அனுப்பும் செலவும் போக 70 ரூபாய் நிற்கிறது. அதே புத்தகத்தை 40 சதவீதக் கழிவில் கடைக்குக் கொடுத்தால் 60 நிற்கும். வித்தியாசம் வெறும் பத்து ரூபாய்! இடைத்தரகரை ஒழித்துவிட்டால் எழுத்தாளர் செழிப்பார் என்ற வாதம் இங்கே சாய்கிறது. கழிவை வாங்கிக்கொண்டு கடைக்காரர் செய்த வேலை ஒழிந்துவிடவில்லை. எழுத்தாளர் வீட்டுக் கூடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. முந்நூறு முகவரிகளில் பின்கோடு விட்டுப்போனது எது, செல்பேசி எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தது எது என்று தேடுவது, குமிழுறை சுற்றுவது, கதவு பூட்டியிருந்ததென்று திரும்பிவந்த பொதியை மறுபடி தன் காசில் அனுப்புவது. அஞ்சல் துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபின் இந்தச் செலவு இன்னும் கனத்துவிட்டது. அயல்நாட்டு வாசகர் ஒருவர் கேட்டுவிட்டால் தபால் செலவு புத்தக விலையையே தாண்டும்.

முன்பதிவின் உண்மையான ஆதாயம் லாபத்தில் இல்லை. அச்சகத்துக்குக் கட்ட வேண்டிய பணம் கடன் வாங்காமல் கைக்கு வருகிறது. எத்தனை பிரதி அடிப்பது என்பது ஊகமாக இல்லாமல் தெரிகிறது. வாசகர் யார், எந்த ஊர் என்பது முதல்முறையாக எழுத்தாளருக்கே தெரிகிறது. பரண்மேல் ஐந்நூறு பிரதி கட்டுப்பிரிக்காமல் கிடக்கும் எத்தனையோ வீடுகளை நினைத்தால் இது சிறிய நன்மை இல்லை.

ஆகவே என் முடிவு: புத்தகத்தை விற்கும் வழியாக இதை ஏற்கிறேன், முதலீடு திரட்டும் வழியாக ஏற்கவில்லை. எழுதப்போகும் நூலுக்கும், ஐந்து பாகத் தொடருக்கும், பதிப்பகம் தொடங்கவும் வாசகரிடம் முன்பணம் கேட்பது தவறு. முதல் நூல்காரர் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது பிரதி போட்டு, பத்திரிகைகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுத்து, படிப்பவர்களைத் தேடட்டும். இரண்டாவது, மூன்றாவது நூலில், மெய்ப்புப் பிரதி கைக்கு வந்த பிறகு முன்பதிவை அறிவிக்கலாம். அந்த அறிவிப்பில் புத்தகம் வந்துசேரும் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் கேட்பவருக்குப் பணம் திரும்பும் என்ற உறுதி இருக்க வேண்டும். பணம் குடும்பக் கணக்கில் கலக்காமல் தனியாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் எழுதப்பட்டிருந்தால் முன்பின் தெரியாத எழுத்தாளருக்கும் நான் பணம் அனுப்புவேன். இல்லாவிட்டால், நண்பரே கேட்டாலும், புத்தகம் வந்தபின் முழு விலை கொடுத்து இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் சொல்வேன்.