நாலாயிரத்தில் இருந்த பள்ளம்

டொயோட்டா 86 வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு அந்தப் பள்ளத்தில் போய் விழும். 3,000 ஆர்பிஎம் வரை கார் நன்றாகவே கிளம்பும். 3,500 தாண்டியதும் அதற்கு என்னவோ ஆகிவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 4,500 வரை ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு சோம்பல், ஒரு தயக்கம். அதைத் தாண்டிவிட்டாலோ 7,400 வரை கொண்டாட்டம்தான். இழுவையை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் டார்க் கோடு நடுவில் குழிவிழுந்து மறுபடி ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் குழி இப்போது என் காரில் இல்லை. அதை நிரப்பியது நான்கு எஃகுக் குழாய்கள்!

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டெட்சுயா டாடா தலைமைப் பொறியாளராக இருந்து, டொயோட்டாவும் சுபாருவும் கைகோத்துச் செய்த வண்டி இது. 2012-ல் ஆஸ்திரேலியாவில் 29,990 டாலருக்கு இறங்கியபோது இங்கே மெல்பர்னில் இளவட்டங்களெல்லாம் ஷோரூம் வாசலில் நின்றார்கள். இன்ஜின் சுபாருவின் படுத்த வாக்கில் இருக்கும் பாக்ஸர். நான்கு சிலிண்டர், 2 லிட்டர். போரும் 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ. டர்போ கிடையாது. 7,000 ஆர்பிஎம்மில் 147 கிலோவாட், 205 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த 205 முழுசாகக் கைக்கு வருவது 6,400-க்கு மேலேதான். தினமும் வேலைக்குப் போய்வருகிறவன் 6,400-க்கு எப்போது போவான்? அவன் வாழ்வதெல்லாம் பள்ளத்தில்தான்.

இதில் டொயோட்டாவையும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. புகை விதி, சத்த விதி, விலை என்று மூன்று பக்கமும் இழுபட்டுச் செய்தது கம்பெனியின் எக்ஸாஸ்ட் குழாய். வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அதை மாற்றினால் என்ன நடக்கிறது என்பதை அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

ஹெடர் என்று உலகம் சொல்வதை ஆஸ்திரேலியாக்காரர்கள் எக்ஸ்ட்ராக்டர் என்பார்கள். எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து வெளியே வரும் முதல் சில அடி தூரத்துக் குழாய்கள். வெறும் ஓட்டைக் குழாய்தானே, பெரிசாகப் போட்டால் காற்று தாராளமாகப் போகும் என்று நினைக்கத் தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் பாய்கிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்துக்கு வந்ததும் அந்த அலையின் ஒரு பங்கு திரும்புகிறது. திரும்பும்போது அது உறிஞ்சும் அலையாக மாறிவிடுகிறது. இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் சரியாக வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதுக் காற்றையும் கூடவே உள்ளே இழுத்துக்கொடுக்கும். காசில்லாமல் கிடைக்கும் சூப்பர்சார்ஜர்! எந்த ஆர்பிஎம்மில் அந்த நேரம் பொருந்தும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. விட்டத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் வாயுவின் வேகம் குறைந்து, கீழே இருக்கும் கொஞ்ச நஞ்ச இழுவையும் போய்விடும். ‘பெரிய குழாய், பெரிய பவர்’ என்று கடையில் சொல்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நாலு-ஒன்று. இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றானால் நாலு-இரண்டு-ஒன்று. பொதுவாக முதலாவது உச்ச ஆர்பிஎம்முக்கு, இரண்டாவது நடுப்பகுதிக்கு. என் நோய் நடுப்பகுதியில் என்பதால் இதில் யோசிக்க எதுவுமே இல்லை.

யோசிக்கவைத்தது அடுத்த கேள்வி. சம நீளமா, சமமற்ற நீளமா?

பாக்ஸர் இன்ஜினில் ஒரு பக்கம் 1, 3-ஆம் சிலிண்டர்கள். மறுபக்கம் 2, 4. தீப்பற்றும் வரிசை 1-3-2-4. அதாவது ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிப்பு, பிறகு மறுபக்கத்தில் இரண்டு. ஒரே பக்கத்துக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் அந்த இரண்டு துடிப்பும் ஒட்டி ஒட்டி வந்து, பிறகு நீண்ட இடைவெளி விழும். பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் நின்றுகொண்டே கொடுக்கும் அந்த ‘டுப்-டுப்... டுப்-டுப்’ அங்கிருந்து வருவதுதான். ராலி வீடியோக்கள் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக ஆடும். எனக்கும் ஆடும். மாறாக 1-ஐயும் 2-ஐயும், 3-ஐயும் 4-ஐயும் ஜோடி சேர்த்தால் ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் துடிப்புகள் சரியாக ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வரும். ஒன்று இன்னொன்றின் காலை மிதிக்காது. அதற்குக் குழாய் இன்ஜினின் அடிவயிற்றைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும், அதுவும் நான்கும் ஒரே நீளத்தில். இடமோ கையளவு. சம நீள ஹெடரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது வளைந்து நெளிந்து போகிற அழகு, சாமி, வரவேற்பறையில் வைக்கலாம்!

சத்தமா, இழுவையா என்று மனசு ஆடியது உண்மை. ஜப்பானின் டொமெய் இந்தக் காருக்கு இரண்டு வகையும் செய்கிறது. எச்.கே.எஸ். கம்பெனி புகையைச் சுத்திகரிக்கும் மெட்டல் கேட்டலிஸ்ட் சேர்த்தே ஒன்று விற்கிறது. கடைசியில் சம நீளம், நாலு-இரண்டு-ஒன்று, கேட்டலிஸ்ட்டோடு என்று முடிவு செய்தேன். சத்தம் ஒரு மாதத்தில் பழகிவிடும். மூன்றாவது கியரில் கார் முன்னால் பாய்வது பழகவே பழகாது.

கேட்டலிஸ்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் காரில் முதல் கேட்டலிஸ்ட் கம்பெனிக் குழாயான மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தூக்கியெறிந்துவிட்டு வெறும் குழாய் போடுகிறவர்கள் நிறைய. ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகிற வண்டி என்றால் அவர்கள் பாடு. ரோட்டில் ஓட்டினால் ஆஸ்திரேலியாவில் சட்டவிரோதம். அதற்கும் மேல், அந்தப் பச்சைப் பெட்ரோல் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

எந்தக் கம்பெனி என்று சொல்லி விளம்பரம் செய்யப்போவதில்லை. எதைப் பார்த்து வாங்கினேன் என்று சொல்கிறேன். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இன்ஜினோடு பொருந்தும் ஃபிளாஞ்ச் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் சூட்டில் வளைந்து கேஸ்கெட் கசியும். வெல்டிங் வெளியே மீன் செதில் மாதிரி மின்னுவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பார்க்க வேண்டும். உள்பக்கம் ஆர்கான் விட்டு வெல்ட் செய்யாத குழாயில் பின்புறம் கருகிப் பொரிப்பொரியாக நிற்கும். வாயு அதில் இடறும். நான் வாங்கியதில் விரலை உள்ளே விட்டுத் தடவினேன், இணைப்பு எங்கே என்றே தட்டுப்படவில்லை. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தை உள்ளிருந்து பார்த்தால் இரண்டு வாய்களுக்கு நடுவே கத்தி முனை போல ஒரு விளிம்பு. ஒருவர் உட்கார்ந்து அரத்தால் ராவியிருக்கிறார். அந்த மனிதரை எனக்குத் தெரியாது, ஆனால் கும்பிடுகிறேன்.

மாட்டியது டாண்டினாங்கில், யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் பட்டறையில். பாக்ஸர் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வாய்கள் கீழ்நோக்கி இருப்பதால் பானெட்டுக்குள் கையை விட்டு முட்டியைப் பெயர்த்துக்கொள்கிற அவஸ்தை இல்லை. காரை லிஃப்டில் ஏற்றி, அடித்தட்டைக் கழற்றினால் எல்லாம் தலைக்கு மேலே தொங்குகிறது. நான் ஸ்பேனரை எடுத்ததுமே அண்ணை தடுத்தார்.

“அவசரப்படாதையும் தம்பி. சூடு ஆறட்டும். எண்ணெய் அடிச்சு விடுவம், இரவு முழுக்க ஊறட்டும். காலமை வாரும்.”

“இப்பவே கழற்றிடலாமே அண்ணா?”

“ஸ்டட் முறிஞ்சால் நீரோ ஹெட்டைக் கழட்டப் போறீர்?”

காலையில் போனால் நட்டுகள் வெண்ணெய் மாதிரி சுழன்று வந்தன. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் பக்கவாட்டில் பிளவுள்ள தனி சாக்கெட்டால் எடுத்து, பழைய மேனிஃபோல்டை இருவரும் தாங்கி இறக்கினோம். தரையில் புதுசையும் பழசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பழசின் மேல் எனக்குப் பரிதாபமே வந்தது.

அண்ணை புதுக் குழாயைப் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தார். பிறகு என்னிடம் ஒரு ஜோடி கையுறை நீட்டினார். வெறும் கையால் தொட்டால் விரலின் எண்ணெய்ப் பசை முதல் சூட்டிலேயே ஸ்டெயின்லெஸ்ஸில் எரிந்து பதிந்துவிடுமாம், அப்புறம் தேய்த்தாலும் போகாதாம். “போலீசுக்கு ரேகை குடுக்கிற மாதிரி” என்றார். சென்சார் மரையில் மட்டும் துளி ஆன்ட்டி-சீஸ், முனையில் படக்கூடாது. கேஸ்கெட் எல்லாம் புதுசு. பழையதைத் திருப்பிப் போட்டுச் சில டாலர் மிச்சம் பிடிக்கிற இடமில்லை இது.

அடுத்து அவர் செய்ததுதான் தொழில். எந்த நட்டையும் இறுக்கவில்லை. ஹெட் இரண்டு பக்கமும், பின்னால் அடுத்த குழாயோடு சேரும் இடமும், எல்லாவற்றையும் விரலால் சுழற்றித் தொளதொளவென்று தொங்கவிட்டார். குழாயை இப்படியும் அப்படியும் ஆட்டி, எதிலும் உரசாமல் அது தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்தார். அதன்பிறகு ஹெட் பக்கத்திலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி, கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்ச். ‘டிக்’ என்று அது சொடுக்கும் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சும் சொடுக்கியது.

ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து மெல்லிய புகையும் எண்ணெய் கருகும் வாசனையும். பதற வேண்டியதில்லை, தயாரிப்பின்போது ஒட்டியது எரிகிறது. கசிவு இருந்தால் குளிர்ந்த இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று தனியாகக் கேட்கும். அண்ணை குனிந்து காது கொடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். கசிவு இல்லை. குழாய் என் கண் முன்னாலேயே வெள்ளியிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. ஓட்ட ஓட்ட அது பொன்னிறமாகி, சேருமிடத்தில் நீலமும் ஊதாவும் ஏறியிருக்கிறது. சூடு ஏறி இறங்கிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபார்க்கக் காரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். அதை மறக்கிறவர்களுக்குத்தான் பிற்பாடு கசிகிறது.

ஹெடரோடு நின்றால் பாதிப் பலன்தான். வால்வு நேரம், எரிபொருள், தீப்பொறி எல்லாம் பழைய குழாய்க்கு எழுதப்பட்ட கணக்கு. எக்யுடெக் மென்பொருளால் இன்ஜினின் கணினியான இசியுவைப் புதுக் குழாய்க்குத் தகுந்தபடி மாற்றி எழுதினார் ட்யூனர், டைனோ உருளையின் மேல் வைத்து. இந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு கேமையும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். அவர் அதிகம் விளையாடியது அந்த நடுப்பகுதியில். திரையில் பழைய கோட்டின் மேல் புதுக் கோடு ஏறி வந்ததைப் பார்த்து நான் கத்தியேவிட்டேன். உச்சப் பவர் கொஞ்சம்தான் கூடியிருந்தது, அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நடுவிலிருந்த பள்ளம் போய்விட்டது. மூவாயிரத்திலிருந்து கோடு தயங்காமல் நடந்து போகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஹீல்ஸ்வில்லிலிருந்து நார்பெத்தாங் போகும் பிளாக் ஸ்பர் மலைப்பாதை. இரண்டு பக்கமும் மவுண்டன் ஆஷ் மரங்கள் வானத்தைத் தொட நிற்கும், அடியில் பெரணிகள். அந்த வளைவுகளில் முன்பெல்லாம் இரண்டாவது கியரா மூன்றாவதா என்று ஒவ்வொரு முறையும் பஞ்சாயத்து. இரண்டு என்றால் அலறும், மூன்று என்றால் பள்ளம். இப்போது மூன்றாவதில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். வளைவின் நடுவில் 3,500-ல் வலது காலை லேசாக அழுத்தினால் போதும், பின்சக்கரம் ரோட்டைக் கவ்விக்கொண்டு வெளியே துப்புகிறது. வேக வரம்புக்குள்ளேயே இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்றால் வேறென்ன வேண்டும்? சத்தமும் சம நீளம் என்பதால் மிருதுவாகத் தொடங்கி, 5,000-க்கு மேல் வெண்கலத்தில் அடித்தமாதிரி ஒரு கணீர். கம்பெனி இன்டேக் சத்தத்தை ஒரு குழாய் வழியாகக் கேபினுக்குள் கொண்டுவருகிறது, சவுண்ட் கிரியேட்டர் என்று பெயர். இனி அதற்கு வேலையில்லை.

பர்ஸ் வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். குழாய், ட்யூன், கூலி எல்லாம் சேர்த்தால் மனைவியிடம் தவணை முறையில்தான் சொல்ல முடியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். சோம்பேறித்தனப்படாமல் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

2022-ல் வந்த ஜிஆர் 86-ல் டொயோட்டாவே இன்ஜினை 2.4 லிட்டராக்கி, 250 நியூட்டன் மீட்டரை 3,700 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிட்டது. பள்ளம் பற்றிய புலம்பலை அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போல. புதுசு வாங்குகிறவர்கள் பாக்கியவான்கள். பழசை வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்தக் குழாய். என்னோடு வேலை பார்க்கும் பையனிடம் இதே காரின் சுபாரு உடன்பிறப்பு பிஆர்இசட் இருக்கிறது. என் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவன் இறங்கவே இல்லை. ஆனால் அவனுக்கு அந்த டுப்-டுப் சத்தம்தான் வேண்டுமாம், சமமற்ற நீளம். அண்ணைக்குப் போன் போட்டேன்.

“அந்தச் சன்னதம் ஆடுற குழாயே?” என்றார். “சரி, கொண்டு வரச் சொல்லும். முதல் நாளே வந்து எண்ணெய் அடிச்சுப்போட்டுப் போகச் சொல்லும்.”