படுக்கையருகே நிற்பவரின் எல்லை

பக்கவாதத்தில் படுத்துவிட்டவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்ததும், வசதியுள்ள குடும்பங்கள் ஏஜென்சிக்கு போன் செய்கின்றன. ஓரிரு நாளில் ஒரு பெண் வந்துவிடுகிறார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, டயாபர் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பல வீடுகளில் அவர் நர்சிங் கவுன்சிலில் பதிவுபெற்ற செவிலியர் அல்லர்.

அதனால் அவர் வேலை மட்டமானது என்றாகிவிடாது. படுக்கைப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, இடுப்பின் பின்புறத்தையும் குதிகாலையும் பார்த்துவந்தால் பல புண்கள் வராமலே போகும். நம் கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் கெட்டிப்பட்டிருப்பதையும் உணர வேண்டும். இதற்கு மூன்றாண்டு நர்சிங் டிப்ளமா வேண்டியதில்லை. முறையான பயிற்சியும் பொறுமையும் இருந்தால் போதும். நேற்று மூன்று இட்லி சாப்பிட்டவர் இன்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டதும், பையில் சிறுநீர் கலங்கியிருப்பதும் முதலில் அந்தப் பெண்ணின் கண்ணில்தான் படுகின்றன.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பது பார்வைக்குச் சுலபம்: தலைப்பக்கத்தை முப்பது டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி, மெதுவாக விட வேண்டும். குழாய் நகர்ந்து நுரையீரல் பக்கம் போயிருந்தால் அதே கஞ்சி உயிருக்கே உலை வைக்கும். கழன்ற குழாயை அவரே திரும்பச் செருகுவதை எந்தக் குடும்பமும் அனுமதிக்கக் கூடாது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பதை அவரிடம் விடலாம். அது 70-க்குக் கீழே இறங்கியிருக்கும்போது இன்சுலினை என்ன செய்வது என்ற முடிவை விடக் கூடாது.

அமெரிக்காவில் 1987-ல் வந்த சட்டப்படி, முதியோர் பராமரிப்பு இல்ல உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் மாநிலப் பதிவேடும் கட்டாயம். அந்த மணிக்கணக்கு போதாது என்று கலிபோர்னியா 160 ஆக்கியிருக்கிறது. மணிக்கணக்கைவிட முக்கியமானது, நோயாளியின் நிலையை மதிப்பிடும் பொறுப்பைச் செவிலியர் உதவியாளரிடம் தள்ளிவிட முடியாது என்ற விதி.

இங்கே ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ என்ற திறன் பயிற்சி இருக்கிறது. அதைப் படிக்காமலும் வேலைக்கு வரலாம் என்பதுதான் ஓட்டை. மேற்பார்வைக்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், மருத்துவர் எழுதிய மாத்திரையைத் தருகிறார். மாத்திரையை மாற்றுவது மருத்துவர் கையில்தான். ஏஜென்சி ஆள் வரும் வீட்டிலோ, இரவு பத்து மணிக்கு நோயாளிக்கு மூச்சிரைத்தால் அந்தப் பெண்ணுக்கு யாரைக் கேட்பதென்றே தெரிவதில்லை. பழி மட்டும் அவர் தலையில் விழுகிறது.

ஆள் வைக்கும் குடும்பங்கள் சம்பளம் பேசும்போதே இரண்டைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: அவர் செய்யக் கூடாத வேலைகள் எவை, எந்த நேரமும் போனில் கிடைக்கும் பதிவுபெற்ற செவிலியர் யார். பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சியை விட்டுவிடுங்கள்.