கவ்வாலியில் கனிந்த கலைஞர்

நம்மிடம் அறபு பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினாத் தொடுத்தார். "உஸ்தாத், ‘குன் ஃபாயா குன்’ என்னும் திரைப்பாடலைக் கேட்கும்போது மனம் உருகுகிறது. ஆனால் அதில் திருமறைச் சொல் வருகிறதே, கேட்கலாமா?" என்றார். ஒரு சொல்லில் விடை பகர்வது எளிது. ஆயினும் மனம் ஏன் உருகுகிறது என்பதை ஆராயாமல் பகரும் விடை அரை விடையே ஆகும்.

ஏ. ஆர். ரஹ்மான் 1992-இல் ‘ரோஜா’ வாயிலாகத் தமிழ்த் திரைக்கு அறிமுகமானார். அவருடைய தொடக்ககாலப் புகழ் ஒலியின் புதுமையால் வந்தது. மின்னிசைக் கருவிகளின் ஓசைகளை அடுக்கடுக்காகப் பின்னிக் காதுக்கு விருந்து படைத்தார். விருந்து சுவைத்தது, ஆனால் ஓசையின் மினுக்கிலே சொல் பல வேளை மறைந்தது. இக்குறையை அவருக்கு நீக்கியது கவ்வாலி என்பதே நம் துணிபு.

கவ்வாலி தில்லி நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் சீடர் அமீர் குஸ்ரு (1253–1325) பெயரோடு இணைத்துப் போற்றப்படும் கலை. ‘கவ்ல்’ என்னும் அறபுச் சொல்லுக்குக் கூற்று என்பது பொருள். பெயரே சொல்லின் தலைமையை உணர்த்துகிறது. தலைமைப் பாடகர் ஓரடியை எடுக்க, குழுவினர் கைதட்டி அதனைத் திரும்பப் பாடுவர். திரும்பத் திரும்ப வரும் ஒரே சொல் ஒவ்வொரு முறையும் புதுப்பொருள் கொள்ளும்.

மேலைநாட்டிலும் இதற்கு நிகரான செய்தி உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரில் பிறந்தது ‘புளூஸ்’ இசை. ஆங்கிலேயரான எரிக் கிளாப்டன், தம் குழு வணிகப் பாட்டின் பக்கம் சாய்ந்தபோது 1965-இல் அதனை விட்டு நீங்கிப் புளூஸையே நாடிச் சென்றார். பழைய ஊற்றை நாடியவர் சிறுத்துப் போகவில்லை, ஆழம் பெற்றார்.

ரஹ்மானின் பயணத்தில் மூன்று படிகளைக் காண்கிறோம். ‘ஃபிஸா’ (2000) படத்தின் ‘பியா ஹாஜி அலீ’யில் பல குரல்கள் திரண்டு எழுகின்றன, அங்கே விழாக்கோலம் மிகுதி. ‘ஜோதா அக்பர்’ (2008) படத்தின் ‘குவாஜா மேரே குவாஜா’வில் கோலம் குறைகிறது. அவரே பாடுகிறார், தேர்ந்த பாடகரின் மிடுக்கு அக்குரலில் இல்லை, கையேந்தி நிற்பவரின் தயக்கம் இருக்கிறது. அத்தயக்கமே அதன் அழகு. ‘ராக்ஸ்டார்’ (2011) படத்தின் ‘குன் ஃபாயா குன்’னிலோ கித்தாரும் ஆர்மோனியமும் ஒன்றையொன்று விஞ்சாமல் சொல்லுக்குப் பணி செய்கின்றன. நம் வடசேரியின் கோயில் நகைத் தொழிலாளர் கெம்புக் கல்லைப் பதிக்கும்போது பொன் கல்லைத் தாங்குமேயன்றி மூடாது. அந்தப் பக்குவம் இங்கே கைகூடியிருக்கிறது.

எனினும் குறை சொல்லாது விடுவது நேர்மையன்று. திருமறையில் வருவது ‘குன் ஃபயகூன்’. ‘குன்’ என்பது ஏவல்: ஆகுக. ‘ஃப’ என்பது ‘உடனே’ என இணைக்கும் எழுத்து. ‘யகூன்’ என்பது வினை: அது ஆகிறது. பாடலின் தலைப்போ ‘ஃபயகூன்’ என்னும் ஒரு தொடரை ‘ஃபாயா’ என்றும் ‘குன்’ என்றும் பிளக்கிறது. ஆணையும் அதன் நிறைவும் ஒரே சொல்லாய்த் தோன்றிப் பொருள் மயங்குகிறது. தாளத்துக்காக மறைச்சொல்லை நீட்டவும் முறிக்கவும் நமக்கு உரிமை இல்லை. ‘மீனாட்சி’ (2004) படத்தில் திருமறைச் சொற்களை ஆண்ட பாடலுக்கு உலமாக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், எம். எஃப். ஹுசைன் அப்படத்தையே திரும்பப் பெற்றதும் இவ்வெச்சரிக்கையை உணர்த்துவன.

இசை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா’வில் இதற்கெனத் தனிப் பகுதியே வகுத்து, கேட்பவரின் உள்ளநிலையையும் கேட்கப்படும் பொருளையும் நோக்கித் தீர்ப்பு மாறும் என விளக்கினார்கள். மாணவருக்கு நாம் உரைத்ததும் அதுவே: "உருக்கம் வழிபாடு ஆகிவிடாது, பாடல் தொழுகைக்கு ஈடாகாது. உருகிய நெஞ்சோடு அச்சொல் திருமறையில் எங்கெங்கே வருகிறதெனத் தேடிப் பாரும். அப்போது அவ்வுருக்கம் வீணாகாது."

மற்றோர் ஏக்கமும் நமக்குண்டு. ரஹ்மானுக்குப் பெயர் தந்த கவ்வாலிகள் இந்தித் திரைக்கெனப் பிறந்தவை. நம் மாவட்டத்துத் தக்கலையிலோ பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் இரவில் திரளாய்க் கூடிப் பாடப்படுகிறது. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும் தமிழில் உள்ளன. தில்லி தர்காவின் முற்றம் ஒரு திரையிசைக் கலைஞரை இத்துணைப் பக்குவப்படுத்தியதென்றால், தமிழ் ஞானியரின் முற்றம் என்ன செய்யாது? அவ்வூற்று வற்றவில்லை, பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டியவர் நாமே.