உருகிய ரூபாய்கள்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சாமைக் கொல்லையில், அறுவடை முடிந்த தரையிலே இளைஞர்கள் கபடி ஆடுவதை ஒரு மாலைப்பொழுதில் கண்டு நின்றேன். பாடி வந்தவனை நால்வர் இடுப்பிலும் கணுக்காலிலும் பற்றி மண்ணில் சாய்க்க, அவனோ பாட்டு அறாமல் விரல்நுனியை நடுக்கோட்டுக்கு நீட்டிய அக்காட்சி, இப்படியே ஆளை மடக்கி வீழ்த்தும் ரக்பி ஆட்டத்தையும், அதற்கு நம் தேசத்தில் பிறந்த ஒரு விசித்திர ஞாபகச் சின்னத்தையும் மனத்தில் எழுப்பிற்று.

1873-ல் கல்கத்தாவில், ஊதியம் கருதாது ஆடிய ஆங்கிலேயர் தோற்றுவித்த ரக்பி சங்கம், வெயிலின் உக்கிரத்தாலும் போலோ, டென்னிஸ் ஆகியவற்றின் வசீகரத்தாலும் அங்கத்தினர் குன்றிக் கலைய நேர்ந்தபோது, வங்கியில் எஞ்சிய 270 வெள்ளி ரூபாய்களைப் பங்கிட்டுக்கொள்ளாமல், உருக்கிக் கோப்பையாக்கி, 1878-ல் இங்கிலாந்து ரக்பி சம்மேளனத்துக்குச் சமர்ப்பித்தனர்.

படமெடுத்த மூன்று நாகங்களே அதன் கைப்பிடிகள். மூடியின்மேல் ஒரு யானை. உடலெங்கும் இந்தியக் கம்மியரின் நுண்ணிய சித்திர வேலை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இதற்காகவே மோதுகின்றன. எடின்பரோவில் நிகழ்ந்த முதல் போட்டி வெற்றிதோல்வியின்றி முடிந்தது.

கலையும் சங்கமொன்று கணக்கு முடித்த விதத்துக்கு இதனினும் நேர்த்தியான உதாரணத்தை நான் அறியேன்.